ஒருமுறை மட்டும் கேட்கும் ஊர்

வெளியே சனவரி. மூச்சை உள்ளே இழுத்தால் மூக்குக்குள் ஊசிகள் முளைக்கும் குளிர். கையுறையைக் கழற்றாமலே இரும்புக் கதவைத் தோளால் தள்ளுகிறேன். உள்ளிருந்து ஈரமணலின் வாசம் வந்து முகத்தில் மோதுகிறது. வெயில் குடித்துக் கிடந்த நிலத்தில் யாரோ இப்போதுதான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாற்போல ஒரு வாசம். ஓஸ்லோவின் வடகிழக்கு ஓரத்தில், காட்டுக்கும் பனிச்சறுக்குத் தடங்களுக்கும் பக்கத்தில், கூரை போட்ட கடற்கரை ஒன்று இருக்கிறது. கடல் இல்லை, அலை இல்லை, நண்டு இல்லை. ஆடுகளங்களுக்குப் போதுமான மணல் மட்டும் இருக்கிறது. மணலுக்குக் கீழே வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. தூசி எழும்பிப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகாமலிருக்க, ஆட்டம் தொடங்கமுதல் மணலை நனைத்து வாரிவிட வேண்டும். அந்த வேலை என்னுடையது. நான் ஒரு கல்லூரியின் கடற்கரைக் கரப்பந்து அணிகளுக்கு உதவிப் பயிற்றுநர்.

இந்த வாசத்தை நான் முதலில் அறிந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில், பள்ளி மைதானத்தில். போட்டிக்கு முதல்நாள் மைதானத்தை நனைத்தால்தான் சுண்ணாம்புக் கோடு காற்றில் பறக்காது. அணியிலிருந்த பெண்பிள்ளைகள் நாங்களே தண்ணீர் அள்ளி ஊற்றுவோம். அந்தக் கிணற்றை நினைத்து நான் உருகப் போவதில்லை. உப்புத் தண்ணீர். கயிறு உள்ளங்கையை அறுக்கும். மறுநாள் அந்தக் கையாலேயே பந்தை அடிக்கவேண்டும், எரியும். ஆனால் வாசம் இதுதான். நான் இதை விளங்கிக்கொள்ளப் பல தடவை முயன்றிருக்கிறேன். இந்த மணல் ஏதோவொரு ஐரோப்பியக் கற்சுரங்கத்திலிருந்து கப்பலில் வந்தது, கழுவிச் சலித்தது, உப்பே காணாதது. பிறகெப்படி அதே வாசம்? தண்ணீர்தான் மணக்கிறதோ? அல்லது மூக்கு, தனக்குத் தெரிந்த ஒன்றையே எல்லா இடத்திலும் தேடிக் கண்டுபிடிக்கிறதோ?

எங்கள் கல்லூரியை ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஃபோல்கஹய்ஸ்கூலெ என்பார்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகள் ஒரு வருடம் வந்து தங்கிப் படிக்கும் இடம். ஒருத்தர் இசை படிப்பார், ஒருத்தர் மரவேலை, ஒருத்தர் மலையேற்றம். எங்களுடையவர்கள் மணலில் கரப்பந்து படிக்கிறார்கள். சோதனை இல்லை. புள்ளி இல்லை. சித்தி, சித்தியின்மை எதுவும் இல்லை. இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது, நான் செய்யும் பயிற்சிகளிலேயே கடினமானது. ஒருமுறை கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஒரு பெண் கேட்டார்.

"சாந்தியக்கா, உங்கடை ஸ்கூலிலை பிள்ளையள் என்ன படிக்கிறதுகள்?"

"மணலிலை விளையாடுதுகள்."

"அது தெரியும். என்ன சோதினை எடுக்கிறதுகள்?"

"சோதினை இல்லை."

"அப்ப ஒரு வருசம் என்னத்துக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "உடுப்புப் போட்டுத்தானே விளையாடுறதுகள்?"

"சனவரியிலை வந்து பாருங்கோ. கம்பளிக் காற்சட்டை, காது மூடுற தொப்பி. காலுக்கு மட்டும்தான் மணல் படும்."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

என் கணவர் ஸ்ட்ரோம்மனில் ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்பவர். விடியுமுன் எழும்பிப் போய், நான் மணலுக்குப் புறப்படும்போது வீடு திரும்புபவர். எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக் குளியலறை வடிகான் மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். அதைத் தோண்டி எடுப்பவர் அவர்தான். ஒரு கையில் கம்பி, மறுகையில் மணல் பிடித்தபடி கேட்பார்: "மணல் வாருறதுக்கு நோர்வே வரவேணுமே? ஊரிலை மணற்காட்டிலையே நிண்டிருக்கலாமப்பா." நான் சொல்வேன், மணற்காட்டில் மணல் வாரச் சம்பளம் தரமாட்டார்கள் என்று. அரைநாள் பார்னஹாகெயில், அதாவது சிறுபிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், மூக்குத் துடைத்துவிடும் வேலை. மிச்ச அரைநாள் இந்த மணல். முதலில் வந்தது மண்டபத்தைத் துப்புரவு செய்ய. ஒருநாள் ஒரு பந்து உருண்டு வந்தது, நான் அதைத் தூக்கி ஒரு பெண்பிள்ளையின் தலைக்கு மேலே, வலைக்கு அருகே, நின்று இறங்கும்படி போட்டேன். தலைமைப் பயிற்றுநர் ஹில்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொன்று போடு," என்றாள். அன்று முழுக்கப் போட்டேன். அடுத்த வருடம் பயிற்றுநர் வகுப்புகளுக்குப் போனேன். அதற்கடுத்த வருடம் என் மேலங்கியின் முதுகில் உதவிப் பயிற்றுநர் என்று நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தது. முதுகில் எழுதியிருப்பதை நான் எப்படிப் பார்ப்பது? கண்ணாடிக்கு முன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஊரில் உதவிப் பயிற்றுநர் என்று ஒரு ஆள் இருக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. கரப்பந்து நடந்தால் வேலியோரம் நிற்கும் அத்தனை பேரும் பயிற்றுநர்கள். சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றியபடியே, "அடியடா! அங்காலை போடடா! உவனுக்குக் கண் பொட்டையே?" என்று ஆட்டத்தை நடத்துவார்கள். பெண்பிள்ளைகள் ஆடினால் சத்தம் இன்னும் கூட. இங்கே நேர்மாறு. எங்கள் மாணவர் தொடரில், பந்து காற்றில் இருக்கும்போது பயிற்றுநர் வாய் திறக்கக்கூடாது. கோட்டுக்கு வெளியே ஒரு கதிரை போட்டிருப்பார்கள். அதில் இருக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கைதட்டலாம். இடைவேளையில்தான் பேசலாம். களத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் தாமே பார்த்து, தாமே முடிவெடுக்கவேண்டும் என்பது இவர்களின் எண்ணம். குரலைப் பிடுங்கிவிட்டால் ஒரு பயிற்றுநரிடம் என்ன மிஞ்சும் என்று எனக்கு அறிய ஆவலாக இருந்தது. மெல்ல மெல்லத் தெரிந்தது, கண் மிஞ்சும். பந்தைப் பார்க்காமல் தோள்களைப் பார்க்கப் பழகினேன். தோள்கள் பொய் சொல்லத் தெரியாதவை. அடிக்கப் போகிறவளின் எண்ணம் கைக்கு வருமுன் தோளுக்கு வந்துவிடும்.

ஆனால் அது பிற்பாடு. முதல் வருடத்தில் நான் வேலியோரத்து ஆளாகவே இருந்தேன். ஒரு போட்டி. எங்கள் பக்கம் இங்வில்ட் என்றொரு பிள்ளை, நோர்வே மலைநாட்டுக்காரி, பால் நிறம். எதிர்ப்பக்கம் நின்ற இருவரில் ஒருத்திக்கு இடுப்புவரை கறுத்தப் பின்னல். நான் பின்னலைக் கவனிக்கவில்லை, அவள் நிற்கும் இடத்தைத்தான் கவனித்தேன். கோட்டோடு ஒட்டிப் பின்னால் நின்றாள். முன்பக்கம் வெறும் மணல். இங்வில்ட் எம்பிக் கை ஓங்க, என் வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"முன்னுக்குப் போடு! அவள் பின்னுக்கு நிக்கிறாளடி, முன்னுக்குப் போடு!"

தமிழில். இங்வில்ட்டுக்கு ஒரு எழுத்தும் விளங்கியிருக்காது. ஆனால் பந்து கையை விட்டுப் புறப்படுமுன்னே பின்னல்காரி முன்னால் பாய்ந்து வந்துவிட்டாள். ஒன்றும் விளங்காத இங்வில்ட் தன் வழக்கப்படி பந்தை ஆழமாகப் பின்னால் அடித்தாள். அது பின்னல்காரி விட்டுவந்த இடத்தில், ஒருவரும் இல்லாத மணலில், பொத்தென்று விழுந்தது. எங்களுக்குப் புள்ளி. நான் எழும்பி நின்று கைதட்டினேன். பிறகுதான் நடுவர் என்னை நோக்கி நடந்து வருவதைக் கண்டேன்.

"என்ன சொன்னாய்?"

"ஒன்றுமில்லை. எனக்கு நானே பேசினேன்."

நடுவர் பின்னல்காரியிடம் திரும்பினார். "உனக்கு விளங்கியதா?" அவள் என்னைப் பார்த்தாள். இங்கே வளரும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரிடமும் நான் கண்ட அந்தப் பார்வை. வீட்டுக்கு வந்த கடிதத்தைத் தாய்க்கு மொழிபெயர்க்கப் போகிற பிள்ளையின் பார்வை. சுத்தமான ஓஸ்லோ நோர்வேஜியத்தில் சொன்னாள்: "நான் பின்னால் நிற்கிறேனாம். முன்னால் போடச் சொன்னார்." புள்ளி அழிக்கப்பட்டது. எனக்கு மஞ்சள் அட்டை. ஆட்டம் முடிந்து வலைக்குக் கீழே கைகொடுக்கும்போது அவள் என் கையை விடவில்லை.

"சொறி அன்ரி. பொய் சொல்ல வரேல்லை."

"நான்தான் பிள்ளை மன்னிப்புக் கேக்கவேணும்."

"இல்லை, நீங்கள் சொன்னது சரி. நான் எப்பவும் பின்னுக்குத்தான் நிப்பன். எங்கடை த்ரேனர் இன்னும் அதைக் கண்டுபிடிக்கேல்லை." சிரித்தாள். "என்ரை பேர் சஹானா. இருக்கிறது குரோருட்டிலை."

அடுத்த இலையுதிர்காலத்தில் சஹானா எங்கள் கல்லூரிக்கே வந்தாள், சோதனை இல்லாத பள்ளிக்கூடமா என்று தாய் அழுததையும் மீறி. வருடம் முடிந்து பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படிக்கப் போனாள். போனாலும் கிழமையில் ஒருமுறையாவது வந்து எங்களோடு மணலில் நிற்பாள். அவளுக்கு நான் என்ன கற்றுக்கொடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன்னுக்கு நிற்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

இனி ஹில்டே. வடநோர்வேக்காரி. நெடுநெடுவென்று உயரம். பேசுவது குறைவு, பேசினால் அது முடிவு. அதே குளிர்காலத்தில், மாசி மாதம், ஒரு மதிய இடைவேளை. இருவரும் மணலோரத்து மர வாங்கில் இருந்து மாட்பக்கெ சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வீட்டிலிருந்து கடதாசியில் சுற்றிக்கொண்டு வரும் பாண் துண்டுகளுக்கு இவர்கள் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் பாணில் மண்ணிறச் சீஸ், என் பாணில் மாசிக் கருவாட்டுச் சம்பல். ஹில்டே மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"சாந்தி, இலையுதிர்காலத்தில் நான் இங்கே இருக்கமாட்டேன். வடக்கே, என் ஊருக்குத் திரும்புகிறேன். நீ தலைமைப் பயிற்றுநர் பொறுப்பை எடுக்க விரும்புகிறாயா?"

இத்தனை வருடம் வலையோரம் நின்று, தலைமையின் கண் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து, அந்தக் கண்ணுக்குத் தப்பியதையும் பார்த்து, இரவில் படுக்கையில் கிடந்தபடி அணிகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கியவள் நான். வேண்டும் என்றா கேட்டாய்? அதைத்தானே நான் வேறு வாழ்க்கை ஒன்றுக்காகப் பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். ஆனால் வாய் சொன்னது:

"இல்லை, இல்லை. நானா? என்னைவிட நல்ல ஆட்கள் இருப்பார்கள்."

ஹில்டே என் முகத்தை நேராகப் பார்த்தாள். தலையை அசைத்தாள். "தக் ஃபோர் அட் து எர் ஆர்லி," என்றாள். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. பிறகு கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

நான் கையில் பாணோடு இருந்தேன். அவள் திரும்பி வருவாள், வந்து, "இல்லை சாந்தி, யோசித்துப் பார்," என்பாள் என்று காத்திருந்தேன். இதை வாசிக்கும் எங்களுடைய ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஐந்து வயதில் ஒரு வீட்டில், "வடை சாப்பிடுறியே பிள்ளை?" என்று கேட்டதும் "ஓம்" என்றுவிட்டேன். அம்மா சிரித்த முகத்தோடு, யாருக்கும் தெரியாமல், என் தொடையில் கிள்ளினா. முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தரமும் வேண்டாம் என்பது மானம். மூன்றாவது தரம் கேட்டால் உண்மையைச் சொல்லலாம். கேட்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் தட்டை நீட்டியபடியே நிற்பார்கள். எங்கள் பள்ளியில் சரோஜா ரீச்சர் என்னை அணித் தலைவியாக்கியதும் அப்படித்தான். "நீ இருக்கிறியோ?" "இல்லை ரீச்சர், வேறை ஆரையும் போடுங்கோ." பந்தைக் கைமாற்றிக்கொண்டே ரீச்சர் மறுபடி கேட்டா. மறுபடி மாட்டேன் என்றேன். "கடைசியாக் கேக்கிறன், இருக்கிறியோ இல்லையோ?" அப்போதுதான் தலையாட்டினேன். அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஆட்டவிதி ஒன்றேதான்.

நோர்வேக்கு நேற்று வந்தவள்போல நான் பேசக்கூடாது. கோப்பியும் கேக்கும் நீட்டினால் முதல் தரமே "யா தக்", ஓம் நன்றி, என்று சொல்லப் பழகி வெகுகாலம். சின்ன விடயங்களில் நான் இந்த ஊர்க்காரிதான். பெரிய விடயம் ஒன்று வந்து நின்றபோதுதான், வாய் என்னைக் கேட்காமல் அந்தப் பழைய கிள்ளலுக்குத் திரும்பிப் போனது. இதை யோசிக்க யோசிக்க எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியமே கூடிற்று. ஹில்டே என்னைப் புறக்கணிக்கவில்லை. அவள் எனக்கு முழு மரியாதை தந்தாள். ஒருவர் "இல்லை" என்றால் அதை அப்படியே நம்புவதுதான் இங்கே மரியாதை. திருப்பிக் கேட்டால், நீ சொன்னதை நான் நம்பவில்லை, உன் மனம் உனக்குத் தெரியாது என்று சொல்வதாகிவிடும். எங்களுக்கோ, ஒருமுறை கேட்டுவிட்டு விடுவது என்றால் பெயருக்குக் கேட்டதாக அர்த்தம். நானும் ஹில்டேயும் இரண்டு மரியாதைகளோடு ஒரே வாங்கில் இருந்து பாண் தின்றிருக்கிறோம்.

அதன் பிறகு வந்த கிழமைகளில், அவள் வாய் திறக்கும்போதெல்லாம் எனக்குக் காது நீண்டது. ஒருநாள் மண்டபத்தின் மறுகோடித் தொங்கலிலிருந்து கூப்பிட்டாள்: "சாந்தி! உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும்!" மணல்வாரியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"கேள்."

"தண்ணீர்க் குழாய்ப் பூட்டின் திறப்பு எங்கே?"

புதிய தலைமை வந்தால் தனக்கு வேண்டிய உதவியாளரைத்தான் கூட்டிக்கொண்டு வரும். என் ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிப்பது. இலையுதிர்காலத்தில் தலைமை மட்டுமல்ல, இந்த மணலே எனக்கு இல்லாமல் போகலாம். பங்குனி முடியும்போதுதான் கணவருக்குச் சொன்னேன். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"வேண்டாமெண்டு."

"பிறகு?"

"பிறகு அவ கேக்கேல்லை."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடியக் கண்ணைத் துடைத்தார். "அவ என்ன உம்மடை மாமியே, கையைப் பிடிச்சு இழுத்து இருத்தி, சாப்பிடு சாப்பிடெண்டு சொல்ல? இஞ்சேரும், எனக்கு நடந்தது தெரியும்தானே. முதல் வருசம் வேலையாக்கள் மலைவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவை. சுடச்சுட வாஃபில் வந்தது. ஒருக்கா வேண்டாமெண்டன். தட்டு என்னைத் தாண்டிப் போச்சு. சுத்தி வரேக்கை வெறுந்தட்டு. பனிக்குள்ளை நாள் முழுக்க நடந்தது, வெறுவயித்தோடை."

"இது வாஃபிலே?"

"வாஃபில்தான். போய்க் கேளும்."

"எப்பிடிக் கேக்கிறது? எனக்குத் தாங்கோ எண்டே?"

"ஓம்."

"வெக்கமில்லையே?"

"வெக்கம்தான். பசியும் வெக்கம்தான்."

மறுநாள் ஹில்டேக்கு முன்னால் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் நோர்வேஜியத்தில் வசனம் செய்து, பேருந்தில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாய் திறந்தது. "இரண்டாம் களத்து வலை தொய்ந்துவிட்டது," என்றேன். உண்மையில் அது தொய்ந்துதான் இருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்துக் கட்டினோம்.

சித்திரை வந்தது. பனி கரைந்து, குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்க நடைபாதைகளில் கொட்டிய சரளை மட்டும் மிஞ்சிக் கிடந்தது. ஒரு ஞாயிறு பயிற்சி முடிய, சஹானா என் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "குரோருட் ஸ்ரேசனுக்கு நடப்பம் அன்ரி," என்றாள். அவள் நகரத்தில் மாணவர் அறையில் இருக்கிறாள், சுரங்க ரயிலில் போகவேண்டும். எனக்கு அங்கிருந்து பேருந்து. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இறங்கி நடந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. காலுக்குக் கீழே சரளை நொறுநொறுத்தது. சஹானாவின் தோளைப் பார்த்தேன், உயர்ந்திருந்தது. ஏதோ இருக்கிறது. தோளைப் பார்த்தேன், உயர்ந்திருந்தது.

"அன்ரி, ஹில்டே என்னட்டை ஒரு விசயம் கேட்டவ."

"என்ன?"

"தன்ரை இடத்துக்கு வரச்சொல்லி."

நான் நடந்துகொண்டே இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். "நீ என்ன சொன்னனி?"

"உங்களோடை கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டனான். நாளைக்குப் பதில் சொல்லவேணும்." நின்றாள். "முதல் உங்களைத்தான் கேட்டவவாம். நீங்கள் வேண்டாமெண்டிட்டியளாம். மெய்யே?"

"ஓம். சொன்னனான்."

"ஏன்? உங்களுக்கு விருப்பமில்லையே?"

"முதல் தரம்தானே கேட்டவ. முதல் தரமே எப்பிடி ஓமெண்டுறது?"

சஹானா அந்த நடைபாதையிலேயே குந்தியிருந்து சிரித்தாள். நாயோடு போன ஒரு கிழவர் சுற்றிக்கொண்டு போனார். "ஐயோ அன்ரி! எங்கடை அம்மாவும் இதேதான். கோப்பி குடிக்கிறியளோ எண்டு டொக்ரர் கேட்டாலும் வேண்டாமெண்டுவா. பிறகு வீட்டை வந்து, அவர் ஒருக்காத்தான் கேட்டவர் எண்டு குறை சொல்லுவா." சிரித்தபடியே கண் கலங்கிவிட்டது. "அதுக்காக இதையுமே?"

"வாய் சொல்லிப்போட்டுது பிள்ளை."

எழும்பி என் பக்கத்தில் நடந்தாள். நிலையத்துக்குப் படி இறங்கும்போது சொன்னாள்: "அப்ப நீங்கள் எடுங்கோ. நான் உதவிக்கு நிக்கிறன். என்ரை படிப்பும் முடியேல்லை, எனக்கு இன்னும் விளையாடவும் வேணும்."

"வேண்டாம். உன்னட்டை வந்ததை நான் எடுக்கிறதே? உனக்கு விருப்பம்தானே?"

"விருப்பம்தான்," என்றாள். எவ்வளவு இலேசாகச் சொன்னாள்! விருப்பம் என்ற சொல்லை ஒரு சங்கடமும் இல்லாமல் வாயிலிருந்து எடுத்து வெளியே வைக்கத் தெரிந்த பிள்ளை. "விருப்பம்தான், ஆனால் இப்ப இல்லை. பிறகு." திரும்பி என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "அன்ரி, இப்ப வேண்டாமெண்டியளே. இது எந்த வேண்டாம்? ஹில்டே நம்பின வேண்டாமோ, அம்மா சொல்லுற வேண்டாமோ?"

ரயில் மேடையில் ஒரு வாங்கில் இருந்து சப்பாத்தைக் கழற்றி உதறினேன், யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. மண்டபத்து மணல் மாவாகக் கொட்டியது. சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த குளிர்காலச் சரளையும் கூடவே உதிர்ந்தது. இரண்டும் கலந்து ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தன. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தெடுக்க இயலாது. இதிலே நான் யாருடைய விதிப்படி ஆடுகிறேன்? இந்தப் பிள்ளையின் கையிலிருக்கும் தட்டில் கை வைப்பது ஆசையா, உரிமையா? வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குப் போய்க் குறை சொல்லிக்கொண்டிருப்பது மானமா? நகரத்துக்குப் போகும் ரயில் வளைவில் திரும்பி வந்தது.

சஹானா என் பையைத் தந்துவிட்டு ஏறினாள். உள்ளே போகவில்லை. கதவடியில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"ரெண்டாவது தரம் கேக்கிறன் அன்ரி. எடுக்கிறியளோ?"

"நல்லா யோசி பிள்ளை. ஹில்டே உன்னை நம்பித்தானே..."

"அது பதில் இல்லை. இப்ப மூண்டாவது தரம். உங்களுக்கு வேணுமோ, வேண்டாமோ?"

என் தொடையில் ஒருவரும் கிள்ளவில்லை.

"வேணும்," என்றேன். சத்தமாகத்தான் வந்திருக்க வேண்டும். உள்ளே இருந்த இரண்டு பேர் கைத்தொலைபேசியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். "எனக்கு வேணும்."

அவளுடைய தோள் இறங்கியது. நிம்மதியிலா, எதையோ கைவிட்டதிலா? அந்த ஒரு முறை தோளை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. கதவு மூடப்போகும் மணி அடித்தது.

"எனக்கு இப்ப வேண்டாமெண்டு மட்டும் ஹில்டேட்டைச் சொல்லுறன், உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன்," என்றாள். "நாளைக்குக் காலமை நீங்களே போய்ச் சொல்லுங்கோ. ஒரே தரத்திலை சொல்லிப்போடுங்கோ அன்ரி, அவ திருப்பிக் கேக்கமாட்டா."